அந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழ வைங்க மாப்ளே

வாங்க மாப்ளே, உக்காருங்க. கையில என்ன, ஸ்க்ரூடிரைவர் செட்டா? புதுசா வேற இருக்கு. அதைத் திண்ணையில வச்சுட்டு மோரைக் குடிங்க. பெரிய படிப்பு படிச்சவுக நீங்க, சும்மா இருக்க முடியாதுதான். ஆனா எழுபது வருசமா நின்ன பெட்டி, நீங்க மோர் குடிக்கிறதுக்குள்ள ஓடிப்போயிராது.

நல்ல பெட்டிதான் வாங்கியிருக்கீக. வாகீஸ்வரி கேமரா. ஆலப்புழைக்காரரு கருணாகரன் 1940-கள்ல செய்ய ஆரம்பிச்சது. அவுக அப்பா குஞ்ஞுகுஞ்ஞு பாகவதர் இசைக்கருவி பழுது பாக்குற கடை வச்சிருந்தாரு. ஒரு ஸ்டுடியோக்காரர் கேமராத் துருத்தி கெட்டுப்போச்சுன்னு அங்க கொண்டுபோக, அதைச் சரிபண்ணின மகன், முழுப் பெட்டியையே செஞ்சுபுட்டாரு. ஆர்மோனியத்துலயும் துருத்திதானே இருக்கு? தேக்கும் பித்தளையும் போட்டுச் செஞ்ச அந்தப் பெட்டிதான் இந்தப் பக்கத்து ஸ்டுடியோவுலயும் ரொம்பக் காலம் நின்னுச்சு. அதுல இருக்கிற முக்காவாசிப் பழுது பெட்டியோடது இல்ல மாப்ளே, அதைச் சரிபண்ண வந்தவுகளோடது.

நெகட்டிவ் பூராம் கருப்புப் புகையா வருதுன்னு டெவலப்பரைக் கீழ ஊத்திட்டீகளாமே. மக சொன்னா. காசு உங்களது, நமக்கென்ன. அடுத்த தடவை ஃபிலிம் வைக்கிற ஹோல்டருக்கெல்லாம் நம்பர் போட்டு வைங்க. புகை ஒரு ஹோல்டர்ல மட்டும் வந்தா கேமரா மேல பழி இல்ல. மூடித்தகடு போற வாய்க்கிட்ட ஒட்டியிருக்கிற வெல்வெட் துணி தேஞ்சிருக்கும், அந்த ஓரத்துல இருந்துதான் கோடு கோடாப் புகை கிளம்பும். எல்லா ஹோல்டர்லயும் வந்தா துருத்தியைப் பாருங்க. ராத்திரி விளக்கை அணைச்சுட்டு, துருத்தியை முழுசா இழுத்து, உள்ள செல்போன் டார்ச்சைப் போட்டு, வெளிய இருந்து மடிப்பு மூலைகளை ஒண்ணொண்ணாத் தேடுங்க. ஓட்டை எப்பவும் அங்கதான், மடிஞ்சு மடிஞ்சு தேயுற இடத்துல. குண்டூசி முனையளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் சாக்பீசால ஒரு புள்ளி வச்சுக்கிடுங்க. துணிக்கு அடிக்கிற கருப்புப் பெயிண்டை மெல்லிசாத் தடவி, இழுத்த வாக்கிலேயே காயவிடணும். மடிச்சு வச்சா மடிப்போட மடிப்பு ஒட்டிக்கிடும். எலெக்ட்ரீசியன் டேப்பை ஒட்டினீகன்னா சித்திரை வெயில்ல பசை உருகி வழியும். ஏற்கனவே ஒட்டியாச்சா? நல்லது. நான் ஒண்ணும் கேக்கல.

அடுத்தது, பின்பக்கத்துத் தேய்ச்ச கண்ணாடியில பளிச்சுன்னு தெரிஞ்ச மொகம் படத்துல மங்குதுன்னீக. அதுக்கு லென்சை ஏன் வஞ்சீக? போன மாசம் அந்தக் கண்ணாடியைத் துடைக்கணும்னு கழட்டினது யாரு? சொரசொரப்புப் பக்கம் லென்சைப் பாத்து இருக்கணும். சந்தேகமா, பென்சிலால ஓரத்துல கோடு போட்டுப் பாருங்க. எழுதுற பக்கந்தான் சொரசொரப்பு. அது வெளிப்பக்கம் இருந்தா, கண்ணாடியோட கனத்துக்குத் தக்கபடி ஃபோகஸ் தள்ளித்தான் விழும்.

கண்ணாடி சரியா இருக்குன்னா ஹோல்டரைப் பாக்கணும். இது கண்ணாடி பிளேட்டுக்குச் செஞ்ச ஹோல்டர். அதுல ஃபிலிமை வெறுமனே சொருகினா, சம்பந்தி வீட்டு விருந்து சாப்பிட்டவன் மாதிரி வயித்தைத் தள்ளிக்கிட்டு நிக்கும். பிளேட் கனத்துக்கு ஒரு தகரச் சட்டம் உண்டு, ஃபிலிமை அதுல செருகித்தான் உள்ள போடணும். அளந்து பாக்க ஆசையா? பின்பக்கச் சட்டத்து மேல ஒரு ஸ்கேலைக் குறுக்க வச்சு, தீக்குச்சியை நிமித்தி இறக்கிக் கண்ணாடி வரைக்கும் ஆழம் பாருங்க. வீணாப்போன ஃபிலிம் ஒண்ணைப் போட்டு ஹோல்டரையும் அதே மாதிரி அளங்க. ரெண்டும் ஒண்ணா இருக்கணும். இப்ப வர்ற 4x5 ஹோல்டர்ல அந்த ஆழம் 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டுக்கும் வித்தியாசம் வந்தா, லென்சை முழுசாத் தொறந்து எடுக்கிற படத்துல மூக்கு தெளிவா இருக்கும், கண்ணு மங்கிரும்.

துருத்தி நகருற தண்டவாளம் இறுகுதா? ஐப்பசி மழையில தேக்கும் கொஞ்சம் ஊதத்தான் செய்யும். இழைப்புளி எடுத்துறாதீக, தையில தொளதொளன்னு ஆடும். மெழுகுவத்தியைத் தேய்ங்க, போதும். ஸ்க்ரூ பிடிக்காத ஓட்டையில தீக்குச்சியை ஃபெவிக்கால்ல முக்கிச் செருகி, காஞ்சதும் திருகுங்க.

ஷட்டர் கதைக்கு வருவோம். 1 செகண்டு வச்சா முக்கி முனகி 3 செகண்டு எடுக்குது. 1/100-ல ஒழுங்கா அடிக்குது. அப்ப ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. மெதுவான வேகத்துக்குன்னு உள்ள ஒரு பல்சக்கர வரிசை இருக்கு, அதுல பழைய எண்ணெய் பிசினாப் போச்சு. இது தெரியாம தையல் மெஷின் எண்ணெயை வேற விட்டிருக்கீக. இனி அது ஷட்டர் இதழுக்கும் பரவும். இதழ் காஞ்சு கிடந்தாத்தான் வழுக்கும், எண்ணெய் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடும்.

ஷட்டர் சரியாகுற வரைக்கும் வேலை நிக்க வேண்டாம். f/32 வச்சு, 4 செகண்டு கேக்குற அளவு மங்கின நிழல்ல ஆளை உக்காத்தி, ஷட்டரைத் தொறந்தே விட்டுட்டு லென்ஸ் மூடியை எடுத்து 4 எண்ணி மூடுங்க. அரை செகண்டு கூடக் குறைய ஆனாலும் நெகட்டிவ் தாங்கிக்கிடும். மூடிக்கு எண்ணெயும் தேவையில்ல.

ஷட்டரை மெக்கானிக்குகிட்டக் கொடுத்துருங்க. லென்சைக் கழட்டிட்டு லைட்டர் பெட்ரோல்ல அலசுவான். எண்ணெய் விட்டதை அவன்கிட்டச் சொல்லாதீக. திறந்ததும் அவனே கண்டுபிடிச்சு கூலியை ஏத்திக்கிடுவான்.