தோளுக்கு மேலே

ஆபீஸ் வெப்சைட்டைப் புதுப்பிக்கிறார்களாம். எல்லோரும் ‘ஹெட்ஷாட்’ எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மெயில் வந்தது. கூடவே உடை விதிகள். வெள்ளை கூடாது. கட்டம், கோடு, பூ கூடாது. பளபளப்பு கூடாது. ஒரே நிறமாக, முடிந்தால் காலர் வைத்து இருக்கட்டும். கடைசி வரிதான் என்னைக் கவிழ்த்தது: உடை உங்கள் ஆளுமையை வெளிப்படுத்தட்டும்.

இதை எழுதியவர் எந்தக் குடும்ப ஸ்திரீயின் பீரோவையும் திறந்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வைத்துக் கொடுத்தது ஒன்று. பெரியப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி எடுத்தது ஒன்று. தீபாவளிக்கு அம்மா எடுத்தது, பொங்கலுக்கு அத்தை எடுத்தது, ‘உங்களுக்கு இந்தக் கலர்தான் மேடம் எடுக்கும்’ என்று கடைப் பையனே தீர்ப்பெழுதிக் கட்டிக் கொடுத்தது. என் பீரோ என்னைத் தவிர மற்ற எல்லோருடைய ஆளுமையையும் வெளிப்படுத்தும்.

இருந்தாலும் விதிப்படி ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். பொடிக்கட்டம் போட்ட கோட்டா புடவை முதலில் போயிற்று. கேமரா சென்சாரில் நுண்புள்ளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. துணியின் நெருக்கமான கோடுகள் அந்த வரிசையோடு மோதினால், துணியில் இல்லாத அலையெல்லாம் படத்தில் நெளியும். டி.வி.யில் செய்தி வாசிப்பவர்கள் பொடிக்கோடு சட்டையைத் தவிர்ப்பதும் இதனால்தான். மயில்கழுத்துப் பட்டும் போயிற்று. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். அசைந்தால் பச்சை, நின்றால் நீலம். ஒரே நிறமாக இருக்கட்டும் என்ற விதியை அவமதிப்பதற்கென்றே நெய்தது அது.

அம்மா போனில் ஒரே பிடியாக நின்றாள்: “எம்.எஸ். நீலம் இருக்கே, அதைக் கட்டு.” எம்.எஸ். சுப்புலட்சுமி கட்டியதால் பேர் பெற்ற நீலம். அதை வேண்டாம் என்றால் சங்கீதத்தையே வேண்டாம் என்றதாகிவிடும். நான் வேறு வழியாகப் போனேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் போட்டோ தகடுகளுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாக உறைக்கும், நீலப் புடவை வெளுத்துப் போகும், சிவப்பு கறுத்துப் போகும், பழைய கல்யாணப் படங்களில் கூறைப்புடவை கறுப்பாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றெல்லாம் விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “இப்ப அந்தத் தகட்டுலயா எடுக்கறாங்க?” என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

உண்மையில் பட்டுப்புடவைக்கு இந்தப் படத்தில் வேலையே கிடையாது. அதன் விலையெல்லாம் முந்தானையிலும் கரையிலும் இருக்கிறது. முந்தானை முதுகுக்குப் பின்னால் தொங்கும், கொசுவம் காலடியில் கிடக்கும். ஆறு கஜத்தில் படத்துக்குள் வருவது, தோளில் ஊக்கு குத்திய ஒரு சாண் துணி. போட்டோகிராபர் வலது தோளை முன்னால் திருப்பச் சொல்லிவிட்டால் அதுவும் இல்லை, ஜாக்கெட் கை மட்டும்தான்.

“கோட் போட்டுக்கோயேன்” என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல். சென்னையில், மே மாதத்தில்! எங்கள் குடும்பத்துக்கும் கோட்டுக்கும் உள்ள உறவு அப்பாவின் ஒரே படத்தோடு முடிந்தது. அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் ஆணியில் ஒரு கோட் தொங்கும். பக்கத்தில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. ஊரில் வேலைக்கு மனுப்போட்ட அத்தனை பேரும் அதே கோட்டுக்குள் புகுந்து வந்தவர்கள். ஒல்லியானவர்களுக்கு முதுகில் துணி மாட்டும் கிளிப்பைக் குத்தி இறுக்குவார்கள். அப்பா மேலே கோட்டும் டையுமாக, கீழே நாலு முழ வேட்டியோடு நின்றாராம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அம்மா சம்மதித்தாள்.

எண்களோடு பிழைப்பவள் என்பதால் எனக்கு ராமானுஜன் நினைவுக்கு வந்தார். உலகம் முழுக்க இன்று தெரிந்த அவருடைய முகம், 1919இல் இங்கிலாந்திலிருந்து ஊர் திரும்புவதற்காக எடுத்த பாஸ்போர்ட் படம். 1936இல் விஞ்ஞானி சந்திரசேகர், ராமானுஜனை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்காக அதை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடமிருந்து தேடி வாங்கினார். பின்னாளில் சிலை வடித்தவருக்கும் ஆதாரம் அதே படம்தான். அந்தக் கண்களைப் பார்த்தவர்கள் யாரும் அவர் என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டதில்லை. இதைச் சொன்னால், “அவர் கணக்கு போட்டார். நீ அடுத்தவங்க போட்ட கணக்கைச் சரி பாக்கற” என்கிறாள் மகள். நியாயமான வித்தியாசம்தான்.

கடைசியில் என் காசில் நானே கோ-ஆப்டெக்ஸில் எடுத்த, வாழையிலைப் பச்சைக் கைத்தறிப் புடவை ஒன்று அடியில் கிடைத்தது. ஒரே நிறம். பூ இல்லை, கட்டம் இல்லை, சரிகை ஒரு நூல் கிடையாது. காலர் மட்டும் இல்லை. புடவைக்குக் காலர் கேட்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, மடிப்பு கலையாமலிருக்கக் காரில் நிமிர்ந்தே உட்கார்ந்து போனேன்.

ஆபீஸ் கான்பரன்ஸ் ரூமில் விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். நாற்காலிக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு துணி. பச்சை. என் புடவையும் அதுவும் ஒரே பாவில் நெய்த மாதிரி இருந்தன.

போட்டோகிராபர் சின்னப் பையன். என்னைப் பார்த்தான், துணியைப் பார்த்தான். “மேடம், பச்சையெல்லாத்தையும் கம்ப்யூட்டர் எடுத்துடும். சென்சார்ல சிவப்பு, நீலத்தைவிட பச்சைப் புள்ளிதான் ரெண்டு பங்கு, அதனால சுத்தமா எடுக்கும்.”

“அப்ப என்னதான் வரும்?”

“தலை வரும் மேடம்” என்றான். “ஹெட்ஷாட்தானே?”

பிறகு இரக்கப்பட்டு, கவலை வேண்டாம், கோட்டை அவனே போட்டுவிடுவதாகச் சொன்னான். கம்ப்யூட்டரில்தான். கருநீலக் கோட், உள்ளே வெள்ளைச் சட்டை, அதற்குக் காலர். வேறு சிலருக்கும் அதே கோட்டைப் போட்டிருப்பது, படங்கள் வெப்சைட்டில் ஏறியபோது தெரிந்தது. ஆணியில் தொங்காத குறைதான். மேனேஜர் உட்பட யாருக்கும் முதுகில் கிளிப் தேவைப்படவில்லை.

வீட்டில் காட்டினேன். அத்தை மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “இந்தக் கோட் உனக்கு நல்லா எடுக்குதே. எந்தக் கடை?”

அம்மாவுக்கும் போனில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“உள்ளே அந்த எம்.எஸ். நீலத்தைக் கட்டியிருந்தா இன்னும் எடுப்பா இருந்திருக்கும்.”