உதவித்தொகைக் கடிதம் வந்த வீடு: ஒரு முதற்கட்ட ஆய்வு

மேலாண்மைக் கல்லூரிகள் இரண்டு ஒரே பெண்ணுக்கு எம்.பி.ஏ. இடம் கொடுத்து, அவற்றுள் ஒன்று மட்டும் உதவித்தொகையும் கொடுத்தால் அவ்வீட்டில் நிகழ்வன யாவை என்பதே இவ்வாய்வின் பொருள். இத்துறையில் முறையான ஆய்வு இதுவரை நடக்காததற்குக் காரணம் எளிது: ஆய்வு செய்திருக்கக்கூடியவர்கள் எல்லாரும் அந்நேரம் கூடத்தில் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் வரலாறு. அகமதாபாத், கொல்கத்தா ஐ.ஐ.எம்.கள் தோன்றியது 1961இல். வருமான வரிச் சட்டம் என்று நம் வீடுகள் அறிந்த சட்டமும் அதே 1961. இதைத் தற்செயல் என்று கொள்ள இவ்வாய்வாளர் மறுக்கிறார். அச்சட்டத்தில் பிற்காலத்தில் சேர்ந்த 80இ பிரிவு, கல்விக்கடன் வட்டிக்கு எட்டு ஆண்டுவரை வரிக்கழிவு பெற வழி திறந்தது. விளைவு, "கடன் வாங்கிப் படிக்க வை தம்பி, வரி மிச்சம்" என்னும் கட்சி. வங்கியில் ஓய்வுபெற்ற பெரியப்பா அதன் நிரந்தரத் தலைவர். கழிவு வட்டிக்குத்தான், அசலுக்கில்லை. புதிய வரிமுறைக்குப் போனவருக்கு அதுவும் இல்லை. பெரியப்பா இவற்றை அடிக்குறிப்புகளாகக் கருதுகிறார்.

எதிர்க்கட்சி சித்தப்பாவுடையது. "சும்மா குடுக்கிறான்னா அந்த காலேஜுக்கு ஆள் வரலைன்னு அர்த்தம் அண்ணே." சிரிக்க வேண்டாம், இக்கருதுகோளுக்கு ஆதாரம் உண்டு. 1908இல் தொடங்கிய ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல், கெட்டிக்காரத்தனத்துக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்பத்தின் பணநிலையைப் பார்த்தே தருகிறது. வாசலில் வரிசை நிற்கும்போது ஆள் பிடிக்கும் அவசியம் ஏது? மேலும், படிப்பு ஒருவரின் திறமையைக் கூட்டாவிட்டாலும் வேலை கொடுப்பவருக்கு அது ஓர் அடையாளமாகப் பயன்படும் என்று 1973இல் எழுதிய மைக்கேல் ஸ்பென்ஸ், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சித்தப்பா இதே உண்மையைக் கல்யாணப் பந்தியில் கண்டறிந்தவர். கல்லூரிப் பெயரைக் கேட்டுப் பக்கத்து இலைக்காரர் "ஓ!" என்றால் நல்ல கல்லூரி, "அது எங்க இருக்கு?" என்றால் அந்தப் பேச்சை விட்டுச் சாம்பாருக்குப் போய்விட வேண்டும். 2017ஆம் ஆண்டின் ஐ.ஐ.எம். சட்டம் வரும்வரை ஐ.ஐ.எம்.கள் கொடுத்ததெல்லாம் பட்டயம்தான், எம்.பி.ஏ. பட்டம் கொடுக்கும் அதிகாரமே அவற்றுக்கு இல்லை. எந்தப் பந்தியிலும் யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

இனி கணக்கு. அ கல்லூரிக்கு 20 லட்சம், அதில் 5 லட்சம் உதவித்தொகை. ஆ கல்லூரிக்கு 13 லட்சம், உதவித்தொகை இல்லை என்று வைத்துக்கொள்வோம். "அஞ்சு லட்சம் மிச்சம்!" என்று அப்பா ஊருக்கெல்லாம் போன் செய்துவிடுகிறார். இல்லாத ஐந்து லட்சத்தில் மாடியில் ஓர் அறை எடுக்கும் பேச்சும் தொடங்குகிறது. "மிச்சம் பதினஞ்சு கட்டணுமே. அங்க பதிமூணுதானே?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டது பதிவேட்டில் ஏறவில்லை. ஆடித் தள்ளுபடியில் விலைச்சீட்டைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. 2017இல் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர் இதைத்தான் சொன்னார்: பொருளின் பயன் வேறு, மலிவாய்க் கிடைத்ததென்ற இன்பம் வேறு. அப்பா இரண்டாவது வகை இன்பத்தில் இருந்தார்.

கடிதத்தின் முதல் பக்கத்தை எல்லாரும் படித்தார்கள், வாட்ஸ்அப்பிலும் போட்டார்கள். இரண்டாம் பக்கத்தை எவரும் படிக்கவில்லை. இத்தகைய பக்கங்களில் வழக்கமாக இருப்பவை: சலுகை கல்விக் கட்டணத்துக்கு மட்டும், விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் இல்லை. இரண்டாம் ஆண்டும் தொடர வேண்டுமானால் வகுப்பில் குறிப்பிட்ட இடத்துக்குள் இருக்க வேண்டும். இங்கேதான் நுட்பம். வகுப்பில் முதல் கால்வாசிக்குள் வரவேண்டும் என்பது நிபந்தனையானால், எல்லாரும் விழுந்து விழுந்து படித்தாலும் முக்கால்வாசிப் பேர் வெளியேதான் நிற்பார்கள். உதவித்தொகை பெற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். கடைசி வரியில் ஒரு தேதி இருக்கும்: இன்ன நாளுக்குள் ஒப்புக்கொண்டு முன்பணம் கட்டுக. மற்ற கல்லூரியின் காத்திருப்போர் பட்டியல் நகர்வதற்கு முன்பே அந்தத் தேதி முடிந்துவிடுவது, 1961ஐப் போலவே, தற்செயல் அல்ல.

படிக்கப்போகும் பெண்ணின் கருத்து இவ்வாய்வில் மிகத் தாமதமாகவே சேர்க்கப்பட்டது. யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் அறைக்குள் இருந்து சீனியர்களுக்கு லிங்க்ட்இன்னில் எழுதிக்கொண்டிருந்தாள். விளம்பரத்தில் போட்ட அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. வரிசையில் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு, இரண்டாம் ஆண்டில் உதவித்தொகையை இழந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். கூடத்தில் நடந்த மொத்த ஆராய்ச்சியையும்விட அந்த இரண்டு கேள்விகளுக்கு எடை அதிகம் என்பது இவ்வாய்வாளரின் தீர்ப்பு. பெரியப்பா இதை ஏற்கவில்லை.

இப்போது இப்படியொரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரிக்கு எழுதி இன்னும் இரண்டு வாரம் அவகாசம் கேளுங்கள்; தொகையைக் கூட்டித் தர முடியுமா என்றும் அதே மடலில் கேட்டுவிடுங்கள். மாட்டோம் என்று சொல்லலாம். கேட்பதற்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.