ஓடுகிற வரைக்கும் என் தேனீ

பெரிகோர், ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. அத்தானுக்கு முட்டிவலி தேவலையா?

நீ அனுப்பிய படமும் வாய்ஸும் வந்தன. "கொல்லையில எலுமிச்ச மரத்துல தேன்கூடு வச்சிருக்கு. ஆள் விட்டுக் கொளுத்திடலாம்ங்கிறார் உங்க அத்தான். நீதான் அங்க தேனீ வளக்கிறியாமே, என்ன பண்ணலாம்?" பதில் இரண்டு வரிதான், போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் அந்த "வளக்கிறியாமே"யில் ஒரு இழுப்பு இழுத்தாய் பார், அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தேனீ வளர்க்கவில்லை அக்கா. அவை வீட்டோடு வந்தவை. பாரிஸ் பிளாட்டை விற்று இந்தக் கல்வீட்டை வாங்கி, கோடையில் வாரக்கணக்கில் வாடகைக்கு விடுகிறோம் அல்லவா, இங்கே அதற்கு 'ஜீத்' என்று பேர். விற்றவர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, தோட்டத்து மூலையைக் காட்டி "அதுவும் உங்களுக்குத்தான்" என்றார். பார்த்தால் மூன்று பெட்டி. கோடையில் பெட்டிக்கு ஐம்பதாயிரம் உருப்படி இருக்கும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஆறு பேர் பணம் கட்டித் தங்குகிறார்கள், ஒன்றரை லட்சம் பேர் ஓசியில் தங்குகிறார்கள்.

பெட்டியின் பேர் தாதான். சார்ல் தாதான் என்ற பிரெஞ்சுக்காரர் பிழைப்புக்காக 1863-இல் அமெரிக்கா போனார். அவர் பேர் சொல்லும் பெட்டி கடல் தாண்டித் திரும்பி வந்து, இன்றைக்கு இந்த நாட்டில் எந்தத் தோட்டத்தில் பார்த்தாலும் அதுதான். வெளிநாடு போனவன் பேர் ஊரில் நிற்க வேண்டுமானால் இப்படிப் பெட்டி அனுப்ப வேண்டும். நான் இத்தனை வருஷம் சென்ட்டும் சாக்லேட்டும் போட்டு அனுப்பினேன். யாருக்கு ஞாபகம் இருக்கிறது?

தேனீ வைத்திருப்பவனுக்கு இங்கே ரேஷன் கார்டு மாதிரி ஒரு நம்பர் உண்டு. ஒற்றைப் பெட்டியே ஆனாலும் வருஷா வருஷம் செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் அரசாங்கத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அந்த நம்பரை எட்டு சென்டிமீட்டர் உயர எழுத்தில் எழுதித் தோட்டத்தில் வைத்திருக்கிறேன். வாசலில் என் பேர்ப்பலகை அதில் பாதிகூட இல்லை.

விருந்தாளிகளுக்கு நீச்சல் குளம் இருக்கிறது. தேனீக்குத் தனியாகக் கூழாங்கல் போட்டு, தாம்பாளத்தில் நல்ல தண்ணீர் வைத்தேன். சீந்தவில்லை. குளத்து விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து அந்த க்ளோரின் தண்ணீரைத்தான் குடிக்கின்றன. ஹாலந்திலிருந்து வந்த ஒரு அம்மாள், பெட்டிகளைத் தோட்டத்தின் அந்தக் கோடிக்கு மாற்றக்கூடாதா என்றார். அது முடியாதே! நகர்த்தினால் இரண்டு மூன்று அடி நகர்த்தலாம், இல்லை மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோக வேண்டும். நடுவில் எங்கே வைத்தாலும், மேயப்போனது பழைய இடத்துக்கே திரும்பி வந்து, பெட்டி இருந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். பஸ் ஸ்டாண்டை மாற்றி ஆறு மாசம் ஆன பிறகும் பெரியப்பா பழைய இடத்தில் போய்க் குடையோடு நின்றாரே, அதே கதை. அந்த அம்மாளுக்குப் பெரியப்பாவைத் தெரியாது. விளக்க முடியவில்லை.

சரி, போன மாதக் கூத்துக்கு வருகிறேன்.

மே மாதத்தில் பெட்டி நிரம்பிவிட்டால் பழைய ராணி பாதிக் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம் கிளம்பிவிடும். அப்படிப் பறந்த கூட்டம் யாருக்குச் சொந்தம்? இதற்கு இந்த நாட்டில் சட்டமே இருக்கிறது. விளையாட்டில்லை, விவசாயச் சட்டத்தில் 211-9. பின்தொடர்வதை நிறுத்தாத வரைக்கும் அது பெட்டிக்காரனுடையது. நிறுத்திவிட்டால், எவன் நிலத்தில் போய் உட்காருகிறதோ அவனுடையது. ஓடுகிற வரைக்கும் என் தேனீ, நின்றால் அவன் தேனீ.

இதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. மூச்சு வாங்க நின்றால் 'நிறுத்தியது' ஆகுமா? செருப்பு அறுந்தால்? நடுவில் ஒன்றுக்கு வந்தால்? உன் தம்பி பெண்டாட்டி "எங்க போறீங்க?" என்று கூப்பிட்டு, நான் திரும்பிப் பார்த்தால்? முப்பது வருஷம் தபாலாபீசில் விதியோடு குடித்தனம் நடத்தியவன் நான். பக்கத்துத் தோட்டத்துக் கிழவரிடம் கேட்டேன். "சட்டியைத் தட்டிக்கொண்டு ஓடு. அந்தக் காலத்தில் அப்படித்தான். அவன் துரத்துகிறான், அவனுடையது என்று ஊருக்குத் தெரியும்" என்றார்.

அன்று சனிக்கிழமை. பழைய விருந்தாளி பத்து மணிக்குப் போயாயிற்று, புதியவர் நாலு மணிக்கு. நடுவில் ஆறு கட்டிலுக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். கைலியோடு ஒரு வெள்ளை விரிப்பை உதறிக்கொண்டிருக்கிறேன், தோட்டத்தில் மாவு மில் ஓடுகிற மாதிரி இரைச்சல். வானம் முழுக்கத் தேனீ. கைக்குக் கிடைத்தது, நீ கல்யாணத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் தாம்பாளம் (தேனீக்குத் தண்ணீர் வைத்தேனே, அதேதான்). கரண்டியால் தட்டிக்கொண்டு, விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். அக்ரூட் தோப்பு, வேலி, ரோடு, மறுபடி வேலி. அறுபத்திரண்டு வயசு அக்கா.

புது விருந்தாளிகள் இரண்டு மணி நேரம் முன்னாலேயே வந்து தொலைத்தார்கள். கறுத்த ஆள், கட்டம் போட்ட கைலி, தோளில் வெள்ளைத் துணி, கையில் தாம்பாளம். இந்தப் பக்கத்து நாட்டுப்புறக் கலையாக்கும் என்று காரை நிறுத்தி வீடியோ எடுத்தார்கள். போகும்போது ஐந்து நட்சத்திரம் போட்டார்கள், "உள்ளூர்ப் பண்பாடு" என்று ஒரு வரியும் எழுதினார்கள்.

கூட்டம் போய் உட்கார்ந்தது ஊர்க் கல்லறைத் தோட்டத்து சைப்ரஸ் மரத்தில். பலாப்பழம் தொங்குகிற மாதிரி தொங்கியது, ஆனால் அசைகிற பலாப்பழம். கிட்டே போனால் உடம்புச் சூடு மாதிரி ஒரு சூடு. வயிறு முட்டத் தேன் குடித்துவிட்டுக் கிளம்புவதால் அந்த நேரத்தில் அவ்வளவாகக் கொட்டாது. கிழவர் ஒயின் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து அடியில் பிடித்தார், நான் கிளையை ஒரு உதறு உதறினேன். ஈர மாவு விழுந்த மாதிரி பொத்தென்று விழுந்தது. விரிப்பின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வைத்ததும், பத்து இருபது தேனீ வாசலில் வரிசையாக நின்று, பின்பக்கத்தைத் தூக்கிச் சிறகை விசிறி, வெளியே நின்றவர்களை "இங்கதான், இங்கதான்" என்று கூப்பிட்டன. அதைப் பார்க்க வேண்டும் நீ.

அப்போதுதான் மேயர் அம்மாள் வந்தார், மாமியார் கல்லறைக்குப் பூ வைக்க. கல்லறைத் தோட்டம் ஊருக்குச் சொந்தம். "நடுவில் நிற்காமல் வந்தீர்களா?" என்றார் சிரித்துக்கொண்டே. "நிற்கவேயில்லை மேடம்" என்றேன். கிழவர் இருமினார். நின்றேன் அக்கா. ரோட்டைத் தாண்டினதும் கைலி அவிழ்ந்துவிட்டது, ஒரு நிமிஷம் நின்று கட்டினேன். சட்டப்படி அது என் தேனீ இல்லை. ராத்திரி வந்து படுத்தபோது உறுத்தியது.

தேனீயை நினைத்து ஆரம்பித்த உறுத்தல் எங்கேயோ போய் நின்றது. ஊரை விட்டு வந்து 36 வருஷம். அம்மா இருந்தவரை வருஷத்துக்கு ஒரு தடவை வந்தேன், அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிற்று. அத்தான் போனைக் கொல்லைப்பக்கம் திருப்பினால் கிணற்றடி வரைக்கும் பார்க்கிறேன். அது பின்தொடர்வதில் சேருமா? சேராது என்றுதான் தோன்றுகிறது. நானாக நிறுத்தவில்லை, கைலி கட்ட நின்றேன் என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

விடு. போன ஜூலையில் செஸ்ட்நட் பூத் தேன் முப்பது கிலோ எடுத்தேன். கறுப்பாக, கசப்பாக இருக்கும். விருந்தாளிப் பிள்ளைகள் முகத்தைச் சுளிக்கும். வேப்பம்பூ ரசத்தில் வளர்ந்த நமக்கு இதுதான் தேன். உனக்கு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது உன் கேள்விக்குப் பதில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கிளையைச் சுற்றி ஒற்றை அடை, உள்ளங்கை அகலம். அது கொம்புத் தேன், சாது. உயரத்தில் முறம் மாதிரி தொங்குகிற மலைத்தேனீயாக இருந்தால் நானே ஆளைக் கூப்பிடு என்பேன். இது சில மாசம் இருந்துவிட்டுத் தானாகவே கிளம்பிப் போய்விடும். நாங்கள் தை மாசம் வரும்போது இருக்குமோ என்னவோ. அத்தானிடம் தீப்பந்தம் வேண்டாம் என்று சொல். எலுமிச்சம்பழம் பறிப்பதானால் அந்தக் கிளையை மட்டும் விட்டுவிட்டுப் பறியுங்கள்.

தம்பி