கத்திரி வெயில் ரசிகர்

சென்னையில் ரசிகர் என்றால், மார்கழியில் மயிலாப்பூர்ப் பக்கம் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கச்சேரிப் பட்டியலும் கையுமாக அலைபவர் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. கச்சேரி, கேண்டீன், இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ஊர்வம்பு. இவற்றை ஒரே மாதத்தில் அடக்கிவிட்டு மிச்சப் பதினொரு மாதத்தையும் நகரம் சும்மா விட்டுவிட்டது. ஆனால் வடசென்னையில், மூலக்கொத்தளத்தில் இன்னொரு ரசிகர் இருக்கிறார். அவருடைய சீசன் சித்திரையில் தொடங்கி ஆடிக்கூழோடு முடிகிறது. வயது ஐம்பதுக்கு முன்னே பின்னே, இடுப்பில் கைலி, தோளில் ஈரத்துண்டு. பேசின் பிரிட்ஜுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவே தெருவுக்கு ஒருவராவது தேறுவார். வீட்டில் அவருக்கு 'வேலைவெட்டி இல்லாத மனுசன்' என்று பட்டம். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மார்கழியை ரசிக்க டிக்கெட் போதும். வெயிலை ரசிக்கப் படிப்பு வேண்டும். அந்தப் படிப்பு நகரத்தில் இவர் ஒருவரிடம்தான் இருக்கிறது.

முதல் பாடம் காற்று. 2003 மே 31 அன்று சென்னையில் 45 டிகிரி அடித்தது. அதைத் தாங்கியவர்களுக்குக் கடற்காற்றின் அருமையை யாரும் சொல்ல வேண்டாம். பகல் பன்னிரண்டு வாக்கில் அது ஊருக்குள் ஏறிவிட்டால் அன்றைய பொழுது பிழைத்தது. மேற்கத்திக் காற்று அதைக் கரையிலேயே மறித்துவிட்டால் சாயங்காலம் வரை சுவரைத் தொட முடியாது. இந்தத் தீர்ப்பை நம்மவர் யாரையும் கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஹவுசிங் போர்டு மொட்டை மாடிக் கொடியில் காயும் வேட்டி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்ப்பார். "காத்து ஏறிடுச்சுப்பா" என்பார். அதன்பிறகுதான் அன்றைய நிகழ்ச்சி நிரல் வெளியாகும். சபா செயலாளர்கள் மூன்று மாதம் முன்னால் போடும் திட்டத்தை இவர் அரை மணி முன்னால் போடுகிறார். கச்சேரி ரத்தானதாகச் சரித்திரம் இல்லை.

காலைக் கச்சேரி கூழ்வண்டியில். வெளியூர்க்காரர் ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழ் குடித்துவிட்டு 'உடம்புக்கு நல்லது' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நம் ரசிகருக்கு உடம்பு இரண்டாம்பட்சம். கூழ் பதமாகப் புளித்ததா, ஒருநாள் கூடிப் போனதா, மோர்மிளகாய் பொரிந்ததா கருகியதா, மாங்காய்ப் பத்தையில் உப்புக்கு முன்னால் மிளகாய்த்தூள் விழுந்துவிட்டதா என்பதெல்லாம்தான் விவாதம். கேண்டீன் வாசலில் நின்று 'கீரைவடை போன வருஷம் மாதிரி இல்லை' என்பவரிடமிருந்து இவர் வேறுபடுவது பில்தொகையில் மட்டுமே. தொட்டுக்கொள்ள நெத்திலிக் கருவாடு. ஏன் மீன் இல்லை என்றால், அதற்கு அரசாங்கம் காரணம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள். மீன் குஞ்சு பொரிக்கும் காலத்தில் காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாக ஓய்வெடுக்கும். ஃபைபர் படகு கொண்டுவரும் கொஞ்சநஞ்சத்துக்குச் சொன்னதுதான் விலை. வஞ்சிரம் வாங்குபவன் பணக்காரன், தடைக்காலத்தில் வஞ்சிரம் வாங்குபவன் முட்டாள் என்பது இவர் கொள்கை. மாலையில் பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ. 1960களில் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்கள் உடைமைகளை அங்கேயே விட்டுவிட்டு, நாக்கில் மட்டும் கொண்டுவந்த பண்டம். நூடுல்ஸும் முட்டைக்கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே சுடச்சுட வாழைத்தண்டு சூப். இந்த வெயிலில் சூடான சூப்பா என்று கேட்டுப் பாருங்கள். வேர்த்தால்தான் காற்று உறைக்கும் என்பார். இயற்பியல் வாத்தியார்களும் அதையேதான் சொல்கிறார்கள், அத்தோ இல்லாமல். சுகாதாரம் என்னாவது என்பவர்களுக்கும் அவரிடம் பதில் உண்டு: கூழ் காய்ச்சியது, சூப் கொதித்தது, பயப்பட வேண்டியது ஐஸுக்குத்தான், அதிலும் மீனுக்குப் போடும் ஐஸுக்கு.

இசைக்கு வருவோம். மூலக்கொத்தளம் என்ற பெயர் நாளிதழ்களில் தவறாமல் வரும் நாள் ஜனவரி 25. இந்தி எதிர்ப்புப் போரில் 1939இல் சிறைவாசத்தில் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் இங்குள்ள மயானத்தில்தான் உறங்குகிறார்கள். தலைவர்கள் மாலையோடு வருவார்கள், போவார்கள். மயானத்துக்குப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு இசையும் அந்த வழியாகவே வந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் கானா, டிக்கெட் கிடையாது, பாஸ் கிடையாது, முன்வரிசை இறந்தவரின் சொந்தக்காரர்களுக்கு. அதை இசை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. வார்த்தை கொச்சை, ராகம் இல்லை, சுருதி எங்கேயோ என்பது அவர்கள் வாதம். கொச்சையான பாட்டு இருப்பது உண்மை. ஆனால் இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை, செத்தவரின் பெயரையும் தொழிலையும் அவர் ஏமாந்த கதையையும் அந்த இடத்திலேயே பாட்டில் கோத்து, சொன்ன அடியைத் திரும்பச் சொல்லாமல் பாடுவதற்கு மனோதர்மம் என்றுதானே பெயர்? நம் ரசிகர் ஓரத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அடி திரும்பி வந்தால் ஒரு கண் திறக்கும். தேவா கானாவைச் சினிமாவுக்குக் கொண்டுபோனது, 2006இல் 'சித்திரம் பேசுதடி'யில் கானா உலகநாதன் வந்து பாடியது, 2012இல் 'அட்டகத்தி'யில் கானா பாலா, 2018 ஜனவரியில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். பெருமைதான், ஆனாலும் 'மைக்குக்கு முன்னாடியே கேட்டவன்' என்ற மிதப்பு குறையவில்லை. சபாக்காரர்களிடமும் இதே மிதப்பைப் பார்க்கலாம். அவர்களுக்கு ஒரு செய்தி: தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது தங்கியது ஜார்ஜ் டவுன் பந்தர் தெருவில், பாடியது திருவொற்றியூர் அம்மன் மேல். சங்கீதத்துக்கும் வடக்குத்தான் பழைய விலாசம்.

ஊர் சுற்றுவதில் அவருக்கு ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டினார்கள். வடக்கே நகர வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது, இன்றைக்கும் அங்கே பாறாங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே மெரினாவில் சுண்டல் வாங்கும்போதெல்லாம் நம்மவர் தன் சொத்தின் மேல் உட்கார்ந்து சாப்பிடும் தோரணையில் இருப்பார். உயிர் காலேஜ் என்ற மிருகக்காட்சி சாலை 1985இல் வண்டலூருக்குப் போனதையும் அவர் மன்னிக்கவில்லை. நடந்து போய்ப் புலியைப் பார்த்த தூரம், இன்று ஒருநாள் பயணம். நகரம் ஈடாகக் கொடுத்தது ஒன்று உண்டு. 2019இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021இல் விம்கோ நகருக்கும் மெட்ரோ வந்தது. மற்றவர்கள் அதில் ஏறி வேலைக்குப் போகிறார்கள். இவர் மே மாத மத்தியானத்தில் தங்கை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஏ.சி.யில் பயணமே பயணத்தின் நோக்கமாக, போய்த் திரும்புகிறார்.

இதெல்லாம் வறுமைக்குப் பூச்சூட்டுவது என்று ஒருவர் சொல்லலாம். எண்ணூரில் 2023 டிசம்பரில் எண்ணெய்க் கழிவும் அமோனியாக் கசிவும் ஒரே மாதத்தில் வந்தன. அந்தக் காற்றை சுவாசிப்பவரைப் போய் ரசிகர் என்பதா? நியாயமான கேள்வி. ஆனால் காற்று கெட்டதென்று முதலில் கத்துகிறவரும் அவர்தான், வேட்டி பறக்கும் திசையைத் தினம் பார்ப்பவராயிற்றே. ஏ.சி. கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய தத்துவஞானியும் அல்ல. இன்னொரு ஆட்சேபம் கனமானது. கூழ் காய்ச்சி விடிவதற்குள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவது பெண்கள், கருவாட்டுக் கூடையைச் சுமப்பது பெண்கள், சீசனை அனுபவிப்பது இவர். வீட்டம்மாவுக்கு மெரினாவும் மெட்ரோவும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை. மயிலாப்பூர் ரசிகரும் இந்த விஷயத்தில் ஒன்றும் உசத்தி இல்லை என்பது சமாதானமே தவிரப் பதில் ஆகாது. இந்த ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்கிறேன்.

மற்றபடி, மார்கழிக்குப் பக்கம் பக்கமாகப் பட்டியல் போடும் பத்திரிகைகள் கத்திரிக்கு அரைப் பக்கம் ஒதுக்கலாம். எழுதித்தர ஆள் மூலக்கொத்தளத்தில் தயாராக இருக்கிறார். அதுவரை அவர் சார்பில் ஒரு குறிப்பு: ஜூன் 15 காலையில் பையைத் தூக்கிக்கொண்டு காசிமேட்டுக்கு ஓடாதீர்கள். படகு கிளம்புவதே அன்றைக்குத்தான். வலை நிறைந்து திரும்பச் சில நாள் ஆகும்.