உப்பிட்டவரை விட்டுப் போகலாமா?

கேள்வி: மரக்காணத்தில் உப்பு வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். நான்கு வருஷம் பத்து மாசம் ஆகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, சேதராப்பட்டில் ஒரு கம்பெனி 4,000 ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்கிறது. அம்மாவோ, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்கிறார். போகட்டுமா?
– ஒரு வாசகர், இரும்பை

பதில்: நினைக்கத்தானே சொன்னார்கள்? கடைசிவரை அவருக்கே கணக்கு எழுதச் சொல்லவில்லையே! அம்மாவிடம் இதைச் சொல்லும்போது சற்றுத் தள்ளி நின்று சொல்லுங்கள்.

ஆனால் இன்றே கிளம்பாதீர்கள். இன்னும் இரண்டு மாசத்தில் ஐந்து வருஷம் முடிகிறது. முதலாளியிடம் பத்துப் பேராவது வேலை பார்த்தால் பணிக்கொடை உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,000 என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, மறுபடி ஐந்தால் பெருக்குங்கள். ஏறக்குறைய 57,700 ரூபாய். கணக்கு எழுதுகிறவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது! ஐந்தாம் வருஷத்தில் 240 நாள் வேலை செய்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. அதைக் காட்டி முதலாளியிடம் வாதாடிப் பணம் வாங்குவதைவிட இரண்டு மாசம் இருப்பது சுலபம். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கூடுதல் பணம் கிடைத்தால் கிளம்புவது புதிதல்ல. கணித மேதை ராமானுஜன் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை தந்ததும் கிளம்பிவிட்டார். அவருக்குக் கிடைத்தது இரண்டரை மடங்கு. உங்களுக்கு 4,000. ஆனாலும் தினமும் மரக்காணம் போய்வரும் பெட்ரோல் மிச்சமாகுமே, அதையும் வரவில் எழுதினீர்களா?

அதிருக்கட்டும், சேதராப்பட்டுக்காரர் இதைக் கடிதமாகத் தந்தாரா, டீக்கடையில் வாயால் சொன்னாரா?