கற்சிங்கம்

மூக்குக்கண்ணாடி இல்லாமல் என்னால் பஸ்ஸின் நம்பரைப் படிக்க முடியாது. கண்ணாடியோடு படித்தாலும் பெரும்பாலும் அது வேறு பஸ்ஸாகவே இருக்கும். இவ்வளவு திருஷ்டி சம்பத்து வாய்ந்த ஒருவன், தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசிய வனத்திலே, வழிகாட்டி எவரும் துணைக்கு இல்லாமல், வாடகைக்கு எடுத்த ஒரு சின்னஞ்சிறு வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு துஷ்ட மிருகங்களைத் தேடிப் புறப்பட்டான் என்றால், அதற்குக் காரணம் வீரமன்று, சிக்கனமே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தவிர, அந்தத் தேசத்திலும் நம் தேசத்தைப் போலவே சாலையின் இடது பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்று அறிந்த மாத்திரத்தில், பாதி ஆப்பிரிக்காவை ஜயித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றிற்று.

குரூகர் வனம் நம் பழைய தஞ்சாவூர் ஜில்லாவைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, அதாவது கிட்டத்தட்ட 19,500 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணமுள்ளது. 1926-இல் அதைத் தேசிய வனமாக்கினார்கள். மறு வருஷம் பொதுஜனங்களுக்குத் திறந்துவிட்டபோது, ஒரு பவுன் கட்டணம் செலுத்தி உள்ளே சென்ற மோட்டார் வண்டிகள் மூன்றே மூன்று. அந்த மூன்று வண்டிக்காரர்களும் மகா பாக்கியசாலிகள் என்பேன். அவர்கள் எதைப் பார்த்தார்கள், எதைப் பார்க்கவில்லை என்று சாட்சி சொல்லப் பின்னால் வேறு வண்டி வந்திருக்க நியாயமில்லை.

நானும் என் சம்சாரமும் தங்கிய ஸ்குகூசா முகாம், அவ்வனத்தின் முதல் வார்டனான ஸ்டீவன்சன்-ஹாமில்டன் துரைக்கு அந்நாட்டு ஜனங்கள் இட்ட பெயரைத் தாங்கியிருக்கிறது. 'பெருக்கித் தள்ளுகிறவர்' என்று அர்த்தமாம். வேட்டைக்காரர்களோடு சேர்த்து, அங்கே தலைமுறையாகக் குடியிருந்த ஏழை ஜனங்களையும் அவர் பெருக்கித் தள்ளினார் ஆதலால், அது முழுக்கவும் புகழ்ச்சிப் பெயர் அல்ல என்பது என் அபிப்பிராயம். முகாமின் நூல்நிலையத்தில் ஒரு கத்தியும் ஒரு சிங்கத்தோலும் இருக்கின்றன. 1903-இல் ஹாரி வோல்ஹூட்டர் என்ற வனக்காவலரைக் குதிரையிலிருந்து வீழ்த்தி, வலது தோளைக் கவ்வித் தரதரவென்று இழுத்துச் சென்றது ஒரு சிங்கம்; அந்த மனிதர் இழுபட்டுக்கொண்டே இடது கையால் இடுப்புக் கத்தியை உருவி அதைக் குத்திக் கொன்றதோடு, பிறகு ஒரு மரத்தில் ஏறி, மயங்கி விழுந்துவிடாதபடி தம்மைத் தாமே இடைவாரால் கட்டிக்கொண்டும் இருந்தாராம். அன்றிரவு எங்கள் சாமான்களைச் சோதித்ததில், எலுமிச்சம்பழம் நறுக்கும் கத்தி ஒன்று அகப்பட்டது. அதை என் சம்சாரம், 'ஊறுகாய் பாட்டில் திறக்க வேணும்' என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

ஜூலை மாதம் அங்கே குளிர்காலம். காலை ஆறு மணிக்குத்தான் முகாமின் வாசலைத் திறப்பார்கள். மாலை ஐந்தரைக்கு மூடிவிடுவார்கள். நேரங்கழித்து வருகிறவன் அபராதம் கட்டவேண்டும். தார்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது, வண்டியை விட்டு இறங்கக்கூடாது. இந்த விதிகளையும், வேட்டைக்காரர்கள் நடந்து சென்று கொல்வதற்கு மிகக் கடினமானவை என்று அந்நாளில் பொறுக்கி வைத்த ஐந்து மிருகங்களின் பெயர்களையும் (சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை) ஒரு காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். என் சம்சாரம் ஸ்வெட்டரும் பிளாஸ்க் நிறையக் காப்பியும் எடுத்துக்கொண்டாள்.

முதல் அரை மணி நேரத்துக்குள் நான் மூன்று சிங்கங்களைக் கண்டேன். முதலாவது ஒரு பாறை, இரண்டாவதும் பாறை, மூன்றாவது, நியாயமாகச் சொன்னால், கரையான் புற்று. ஒவ்வொரு தடவையும் நான் 'சிங்கம்!' என்று கூவிப் பிரேக்கை மிதித்ததில் பிளாஸ்க்கின் காப்பி முழுவதும் அவள் மடியில் அபிஷேகமாயிற்று. இதில் என்னைக் குறை சொல்வதற்கில்லை. குளிர்காலத்துக் காய்ந்த புல்லின் நிறமும், அந்தப் பிரதேசத்துப் பாறையின் நிறமும், சிங்கத்தின் நிறமும் ஒன்றேயாக ஈசுவரன் படைத்திருப்பதுமல்லாமல், நாளில் இருபது மணி நேரம் வரையில் சிங்கமானது பாறையைப் போலவே அசையாது கிடப்பது வழக்கமென்று நூல்களில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பெண்களிடம் நூல்களை எடுத்துக்காட்டி ஜயித்தவர் யார்?

"ஏங்க, கல்லையெல்லாம் விட்டுட்டு உயிரோட இருக்கிறது ஏதாவது தெரியுதான்னு பாருங்க" என்றாள்.

அவளுக்கோ, தேடாமலே எல்லாம் தென்பட்டுக்கொண்டிருந்தன. மரத்தின் மறைவில் நின்று எங்களைக் குனிந்து பார்த்த ஒட்டகச்சிவிங்கியை, அதன் கால்களை மரங்களென்று நான் கடந்த பிறகு, அவள்தான் காட்டினாள். சாலைக்கு அடியில் மழைநீர் போகப் போட்டிருந்த குழாயிலிருந்து கழுதைப்புலிக் குட்டிகள் எட்டிப் பார்த்ததைக் கண்டவளும் அவளே. பட்டமரத்தின் உச்சியில் ஊதா மார்பும் நீலச் சிறகுமாக ஒரு பறவை உட்கார்ந்திருக்க, திருநெல்வேலிப் பனங்காட்டில் பிறந்து வளர்ந்தவளாகையால், "இது நம்ம பனங்காடையோட சித்தி மக மாதிரியில்ல இருக்கு!" என்றாள். பிற்பாடு புத்தகத்தைப் புரட்டினேன். உறவுமுறை அநேகமாகச் சரியாகவே இருந்தது.

இம்பாலா என்னும் மான்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்லத் தேவையில்லை. அந்த வனத்தில் லட்சத்துக்கு மேல் இருக்கின்றன. முதல் மானுக்கு நாற்பது போட்டோ எடுத்தோம். பத்து மணிக்குள்ளாகவே 'மான்தானே' என்று சொல்லிவிட்டு நிற்காமல் போகிற அளவுக்குப் பணக்காரர்களாகிவிட்டோம்.

சாபி ஆற்றங்கரையில் பதினைந்து கார்கள் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. ஒரு பெரிய அத்தி மரத்தில் சிறுத்தை இருக்கிறதாம். பக்கத்துக் காரில் இருந்த அம்மாள் மிகுந்த பரோபகார சிந்தையோடு, 'இரண்டாவது கவையிலிருந்து இடப்புறம் போகும் கிளை, அதிலிருந்து மேலே போகும் கிளை, அங்கே இலைக் கொத்துக்குச் சற்றுக் கீழே' என்று எனக்கு வழி சொன்னாள். அந்த வழியே நான் இரண்டு முறை போய், இரண்டு முறையும் ஆகாயத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். பின்னாலிருந்த கார்கள் பொறுமை இழப்பதைக் கண்டு, இனித் தாமதிப்பது நாகரிகமன்று என்று கருதி, "ஆகா! என்ன கம்பீரம்!" என்று சொல்லி வண்டியை நகர்த்தினேன்.

கொஞ்ச தூரம் சென்றதும் என் சம்சாரம், "தலை எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டாள்.

"வடக்கே" என்றேன், சிறிதும் தயங்காமல்.

"எனக்கு வால் மட்டுந்தான் தெரிஞ்சுது. அந்தம்மாவுக்கும் அவ்வளவுதான் தெரிஞ்சுதாம்."

லோயர் சாபி முகாமை அடுத்த சன்செட் அணைக்கரையில் ஒரு மணி நேரம் சம்பாஷணையின்றிக் கழிந்தது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைகளைப் போல் நீர்யானைகள் குளத்தில் கிடந்தன. அவற்றின் முதுகில் ஏறி ஆமைகள் வெயில் காய்ந்தன. கரையில் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. பிறகு முகாமுக்குள் போய்ச் சித்திரான்னப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஒரு குரங்கு பாய்ந்து வந்தது. வெள்ளைக்காரர்கள் கூச்சலிட்டுச் சிதறினார்கள். அழகர்கோயில் குரங்குகளிடம் பயிற்சி பெற்றவளான என் சம்சாரம் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்தாள். பாஷை தெரியாத அந்தக் குரங்குக்கும் அது உடனே விளங்கிவிட்டது.

திரும்பி வருகையில்தான் அந்த யானையைச் சந்தித்தோம். சாலையின் நடுவே, எங்களை நோக்கி, தனி ஆண் யானை. கபோலங்களில் மதநீர் வழிந்து கறுத்திருந்தது. நம் பாஷையில் யானைக்குக் களிறு, வேழம், கரி, கயம் என்று எத்தனையோ பெயர்கள் உண்டு. மதம் பொழிவதைப் பாடாத கவி இல்லை. ஆயினும், அப்படிப்பட்ட ஒன்று எதிரே வரும்போது காரைப் பின்னோக்கி ஓட்டுவது எப்படி என்று ஒருவராவது ஒரு வெண்பா எழுதி வைத்தார்களா? அரை மைல் தூரம், கழுத்தைத் திருப்பிக்கொண்டு, பாம்பு போல் நெளிந்து நெளிந்து பின்வாங்கினேன். யானை அவசரப்படவில்லை. ஒரு மரத்தை முறித்தது, ருசி பார்த்தது, பிடிக்கவில்லை போலும், வேறொன்றை முறித்தது. முக்கால் மணி நேரம் கழித்து அது காட்டுக்குள் இறங்கியபோது, வாசல் மூடுவதற்கு முப்பது நிமிஷமும், போகவேண்டிய தூரம் இருபத்து மூன்று கிலோமீட்டரும் பாக்கி இருந்தன.

ஐம்பதுக்கு மேலே ஒரு முள் நகராமலும் கீழே ஒரு முள் நகராமலும் ஓட்டினேன். யானையைக் கண்டது முதல் கண்ணை இறுக மூடிக்கொண்டு பிள்ளையாரைத் துதிக்க ஆரம்பித்த என் சம்சாரம் இன்னும் திறக்கவில்லை. வெயில் சாய்ந்து புல்லெல்லாம் பொன்னாகியிருந்தது. சாலையோரத்தில், கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய பாறை. அதன் உச்சியில் காய்ந்த புல் காற்றில் அசைந்தது. காலையிலாயிருந்தால் கூவியிருப்பேன். ஒரு நாளைய அனுபவம் மனிதனுக்கு எவ்வளவு விவேகத்தை அளித்துவிடுகிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டு, கல்லைக் கல்லாகவே கடந்து சென்றேன்.

வாசலில் நுழைந்தபோது இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது. கதவை மூடும் தருணத்தில் இன்னொரு கார் உள்ளே பாய்ந்தது. அதிலிருந்து இறங்கிய நரைத்த தாடிக்காரர் நேராக என்னிடம் வந்து, என் கையைப் பற்றிக் குலுக்கினார். இருபது வருஷமாக இந்த வனத்துக்கு வருகிறாராம். பிடரி சிலிர்க்க உட்கார்ந்திருக்கும் ஆண் சிங்கத்தின் மூக்கு நுனியை உரசுவதுபோல், தலையைக்கூடத் திருப்பாமல் காரை ஓட்டிச் சென்ற ஒரு மனிதரை இன்றுதான் கண்டாராம்.

"எல்லாம் பழக்கந்தான்" என்றேன்.

அவர் விடவில்லை. அன்றாடம் எங்கெங்கே எந்த மிருகம் தென்பட்டது என்று வர்ண வில்லைகளால் குறிக்கும் படப்பலகைக்கு என்னை அழைத்துச் சென்று, சிங்கத்துக்குரிய வில்லையை என் கையாலேயே வைக்கச் செய்தார். காகிதத்தை எடுத்து நானும் ஒரு பெயரை அடித்தேன். திரும்பிப் பார்த்தேன். என் சம்சாரம் காப்பிக் கறை படிந்த புடவையோடு, பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்றிருந்தாள்.

"ஏங்க," என்றாள், "தலை எந்தப் பக்கம் இருந்தது?"