முழ நீளக் காரின் பொருளியல்: ஸ்காபரோவை முன்வைத்து ஓர் ஆய்வு

ரொறன்ரோத் தமிழர் பெரிய கார் வாங்கும் முறை பற்றி இனி ஆராய ஒன்றுமில்லை. எந்தச் சாமத்திய வீட்டு மண்டபத்தின் தரிப்பிடத்தைச் சுற்றி வந்தாலும் தரவு தானாகச் சேர்ந்துவிடும். அறிவுலகம் கண்டுகொள்ளாமல் விட்டது ஒரு முழம்கூட வராத காரைத்தான். நிஜக் காரின் பத்தில் ஒரு பங்கு அளவு. றிமோட்டின் விசையை இழுத்தால் சீறிக்கொண்டு போய் முதல் வளைவிலேயே மல்லாந்து படுக்கும். அதைப் பந்தயத்தில் ஓட்ட ஒரு நடுத்தரக் குடும்பம் எவ்வளவு இழக்க வேண்டும் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

தொல்சான்றிலிருந்து தொடங்குவதே ஆய்வு மரபு. யாழ்ப்பாணத்து நுங்கு வண்டிக்கு இரண்டு கோம்பையும் நடுவில் ஓர் அச்சுக் குச்சியும் தள்ளிக்கொண்டு ஓட ஒரு கவைத்தடியும் போதும். வேகமும் திசையும் ஒரே தடியில் அடக்கம். கட்டுப்பாட்டு எல்லை தடியின் நீளம். நுங்கைக் குடித்த பிறகே வண்டி பிறக்கும் என்பதால் எரிபொருள் ஓட்டுநருக்குள் முன்கூட்டியே ஏறிவிடும். இன்றைய பந்தயக் கார் எதுவும் செலவில் இதை வென்றதில்லை. அலைவரிசைத் தகராறும் அதற்குக் கிடையாது. பழைய 27 மெகாஹேட்ஸ் றிமோட்டுகளில் இரண்டு பேர் ஒரே கிறிஸ்டலைப் போட்டுவிட்டால் ஒருவர் திருப்ப மற்றவர் கார் சுவரில் ஏறும். 2.4 கிகாஹேட்ஸ் வந்த பிறகுதான் அந்தச் சண்டை ஓய்ந்தது.

அடுத்த சான்று கசப்பானது. 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோலோடு பற்றறியும் யாழ்ப்பாணத்துக்கு வராமல் போனது. கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். செத்த பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் அரை மணி நேரம் உயிர் வாங்கினார்கள். அந்தப் பிள்ளைகள்தான் இன்று மோர்னிங்சைட்டிலும் மார்க்கத்திலும் தகப்பன்மார். விளையாட்டுக் காருக்குப் பற்றறி வாங்கும் விஷயத்தை அவர்களிடம் பேசுவது எவ்வளவு சிக்கலான ஆய்வுக் களம் என்பதை வாசகர் ஊகிக்கலாம்.

இந்தப் பொழுதுபோக்கைப் பணக்காரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று ஒரு கருத்து உண்டு. ஓரளவு உண்மை. இத்தாலியின் எல்ஜி நிறுவனம் 1966இல் விற்பனைக்குக் கொண்டுவந்த கார் ஃபெராரி 250 எல்எம்மின் குட்டிதான். ஆனால் சாமானியர் வீட்டுக்குள் இது நுழைந்த கதை வேறு. ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து டமியா நிறுவனம் போர்ஷ மாதிரி ஒன்றைச் சரியாகச் செய்ய வேண்டுமென்று உண்மையான போர்ஷ 911 ஒன்றையே வாங்கியது. பின்னாளில் அதன் தலைவரான ஷுன்சாகு டமியா அதைக் கழற்றி அக்குவேறு ஆணிவேறாக்கி அளந்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. விற்பனை முகவரின் தொழில்நுட்பர்கள் வந்துதான் பூட்டிக் கொடுத்தார்கள். இவ்வளவு செலவை வெறும் காட்சி மாதிரி விற்று எப்படி எடுப்பது? அதே உருவத்துக்குள் மோட்டரையும் றிமோட்டையும் வைத்து 1976இல் போர்ஷ 934ஐ விற்றார்கள். செலவைச் சரிக்கட்டப் பிறந்த விளையாட்டு இது. பிறந்ததிலிருந்து யாரும் செலவைச் சரிக்கட்டியதாகத் தெரியவில்லை.

இனி உடற்கூறு. பெட்டியில் கார் இருக்கிறது என்று நம்பிப் போகிறவர் 13 வீத விற்பனை வரியை முதலில் சந்திக்கிறார். 200 டொலர் விலைச்சீட்டு காசாளரிடம் 226 ஆகிறது. வீட்டுக்கு வந்து திறந்தால் உள்ளே இருப்பது துண்டு துண்டான பிளாஸ்ரிக். பூட்டும் செற் வகைகளில் மோட்டர் பெரும்பாலும் கூடவே வரும். றிமோட், வாங்கி, சக்கரத்தைத் திருப்பும் சேர்வோ, பற்றறி, சார்ஜர், உடலுக்குப் பூசும் வர்ணம் எல்லாம் தனித்தனிக் காசு. உடலுக்கு உள்பக்கமாகத்தான் வர்ணம் பூச வேண்டும். கடைசியில் தெரிய வேண்டியதை முதலில் பூச வேண்டும் என்பதால் முதல் கார் யாருக்கும் அழகாக வந்ததில்லை. சக்கரம் சுழலும் இடங்களில் பிளாஸ்ரிக் வளையங்கள் இருக்கும். அவற்றுக்குப் பதிலாக போல்பெயரிங் போடுவது மட்டுமே நான் நியாயப்படுத்தும் சொகுசு.

எங்கே கஞ்சத்தனம் காட்டலாம் என்பதில் மக்கள் தலைகீழாக நிற்கிறார்கள். காரில் காசைக் கொட்டிவிட்டு றிமோட்டிலும் சார்ஜரிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். கார் உடையும், மற்ற இரண்டும் அடுத்த மூன்று காருக்கும் உழைக்கும். காரைப் பழசாக வாங்கலாம். ஆனால் வாங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பந்தயத் திடலுக்குப் போய், அங்குள்ளவர்கள் எதை ஓட்டுகிறார்கள், உடைந்தால் எதன் பாகம் அங்கேயே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். இணையத்தில் சல்லிசாகக் கிடைத்த அபூர்வக் காரில் சக்கரத்தைத் தாங்கும் ஒரு சின்னக் கை உடைந்தால் அது கடல் கடந்து வரும்வரை கார் அலுமாரியில் அலங்காரமாக இருக்கும்.

இக்கட்டுரையின் மைய விதிக்கு வருவோம். பாடசாலைப் பௌதிகத்தில் படித்ததுதான்: ஓடும் பொருளின் இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். வேகம் இரட்டித்தால் சுவரில் மோதும் சக்தி நாலு மடங்கு. ஆகவே உதிரிப்பாகச் செலவும் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பது என் துணிபு. மோட்டரின் சுருளில் கம்பிச் சுற்று குறையக் குறைய வேகம் கூடும், 21.5 சுற்று சாது, 17.5 துடிப்பு, 13.5 கடன் அட்டை. சாதாரண 540 மோட்டர் போட்டு மணிக்கு 25 கிலோமீற்றர் ஓடினாலே அளவுக் கணக்கில் அது 250. எல்லை 100 என்று பலகை வைத்த 401 நெடுஞ்சாலையில் ஓட்டிப் பழகியவருக்கு இது போதாதா?

மெதுவாகப் போகிறவர் தோற்பார் என்பதும் ஆராயாத நம்பிக்கை. ஐந்து நிமிடப் பந்தயம், சுற்றுக்குப் பதினைந்து விநாடி என்றால் மொத்தம் இருபது சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விநாடி முந்துகிறவர் ஐந்து நிமிடத்தில் இருபது விநாடி சேர்க்கிறார். கவிழ்ந்த காரை ஒருவர் ஓடிவந்து நிமிர்த்த ஐந்து விநாடி என்று வையுங்கள். நாலு தரம் கவிழ்ந்தால் சேமிப்பு முழுவதும் காலி. நிமிர்த்துகிற அந்த ஒருவர் சம்பளக்காரரல்லர். முந்திய பந்தயத்தில் ஓடியவர்தான் அடுத்த பந்தயத்துக்குத் திடலில் நின்று பிறர் காரை நிமிர்த்த வேண்டும். கடமையைத் தட்டிக் கழிப்பவரின் பெறுபேற்றைக் குறைக்கும் கழகங்களும் உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் வாளி தூக்கிய அனுபவம் உள்ளவர்கள் இதில் சோபிப்பார்கள்.

காலநிலையும் செலவுக் கணக்கில் உண்டு. பூச்சியத்துக்குக் கீழே 15 என்றால் வெளியில் ஓட்டிய பிளாஸ்ரிக் கை அப்பளமாக நொறுங்கும். மாரியில் இந்தப் பக்கத்துப் பந்தயங்கள் கூரைக்குள் கம்பள விரிப்பில் நடப்பதன் காரணம் அதுதான்.

பற்றறியில்தான் தடைக்காலத் தலைமுறை தடுமாறுகிறது. இரண்டு செல் லிப்போ பற்றறி முழுதாக ஏறினால் 8.4 வோல்ற். ஒரு செல் 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். சும்மா வைக்கும்போது செல்லுக்கு 3.8இல் வைக்க வேண்டும். தீத்தாங்கும் பைக்குள் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டுமே ஏற்ற வேண்டும். கடைசிச் சொட்டு வரை பிழிந்தெடுக்கப் பழகிய கை, வீரியம் இருக்கும்போதே நிறுத்து என்றால் கேட்குமா? இந்தச் சிக்கனம்தான் முதல் வருடத்தில் இரண்டு பற்றறியைக் கொல்கிறது. அப்படிப்பட்டவருக்கு 7.2 வோல்ற் நிக்கல் பற்றறியே உத்தமம். மந்தமானது, ஆனால் கொஞ்சம் மன்னிக்கும்.

கடைசியாக, ஆய்வாளர் நேரில் கண்ட ஒரு நிகழ்வு. உதிரிப்பாகம் தனித்தனியாக வாங்குவதைவிட அதே மாதிரிப் பழைய கார் ஒன்றை முழுதாக வாங்குவது லாபம் என்று மச்சான் ஒருவர் கணக்குப் போட்டார். கணக்கு சரி. மச்சாள் வாசலிலேயே மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, உது எவ்வளவு முடிஞ்சது?"

"பழசப்பா. பாகத்துக்குத்தான்."

அந்தக் காருக்கு ஒரு சேர்வோ போட்டால் ஓடும் என்று சனிக்கிழமை தெரியவந்தது. ஓடுகிற காரைக் கழற்றுவது பாவம் என்பதால் அதற்கும் ஒரு பற்றறி வாங்கினார். இப்போது ஓடுகிற கார் இரண்டு. பாகத்துக்குக் கார் இல்லை. மூன்றாவதைப் பார்க்க வருகிற கிழமை பிராம்ப்ரனுக்குப் போகிறார்.